வழியில் முதலில் வந்த வீடு

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருந்தீர்கள், இத்தனை வருடத்தில் நான் எழுதிய அறிக்கைகளில் மறக்க முடியாதது எது என்று. எழுதியவற்றை மறந்துதான் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். என்றாலும் ஒன்று இருக்கிறது. அதற்கு முன் என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

பரீட்சைக்குப் போகாமலில்லை. போனேன், திரும்பத் திரும்பப் போனேன். கடைசித் தடவை பரீட்சகர், மிகவும் பண்பான மனிதர், பாதி வழியில் காரை ஓரங்கட்டச் சொல்லி இறங்கி நடந்தே போய்விட்டார். அன்றிலிருந்து மொன்றியலில் நான் ஒரு முழுநேரப் பயணி. மெற்றோ, பஸ், அதற்கும் மிஞ்சினால் யாராவது புண்ணியவானின் கார். கலியாண வீடோ செத்த வீடோ, திரும்பி வரும்போது நாலைந்து பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு, முதலில் யாரை இறக்குவது, பிறகு யாரை என்று நடக்கும் பேச்சுவார்த்தைகளைக் கேட்டே என் வாழ்நாளில் பாதி போயிருக்கிறது. இந்த அறிக்கையை எழுத அந்தத் தகுதிதான் உதவியது. குற்றவியல் பட்டம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

ஊரில் போர்நிறுத்தம் வந்து, எங்கள் சனம் கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணமும் மன்னாரும் போய்ப் புகைப்படங்களோடு திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் நன்னடத்தை உத்தியோகத்தராக இருந்தேன். அது என்ன வேலை என்று நம்மவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். என் மாமியார் கடைசி வரை நான் ஏதோ பள்ளிக்கூடத்தில் நல்லொழுக்கம் படிப்பிக்கிறேன் என்றே நம்பியிருந்தார். உங்களுக்குத் தெரியும்: ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட பின், தண்டனை சொல்வதற்கு முன், நீதிபதி எங்களிடம் கேட்பார். இவர் யார், இதை ஏன் செய்தார், இன்னொரு தடவை செய்வாரா? இரண்டாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. நடுவிலுள்ள கேள்விக்குப் பிழையான பதில் எழுதினால் மூன்றாவது கேள்விக்கும் பிழையான பதில்தான் வரும்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். இடங்களை மாற்றவில்லை. இடங்களை மாற்றினால் இந்தக் கதை விளங்காது.

அவரை எல்லோரும் வான் அண்ணை என்று கூப்பிட்டார்கள். நாற்பதைத் தாண்டியவர், மன்னார்ப் பக்கம். நகரின் மேற்கே புவாண்ட்-கிளேரில் உடுப்புகள் பொதி செய்யும் பண்டகசாலை ஒன்றில் எங்கள் பெண்கள் பலர் வேலை செய்தார்கள். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும், பனிக்காலத்தில் அது இரண்டு தடவை உறைவதற்குச் சமம். ஆகவே வான் அண்ணை காலையில் ஒவ்வொருவரையும் வாசலில் ஏற்றி, மாலையில் வாசலில் இறக்கினார். கோயில் திருநாளுக்குக் கதிரை அடுக்குவதும் அவர்தான். புதிதாக வந்த குடும்பத்துக்கு மெத்தை தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதும் அவர்தான்.

ஜெயா அந்த வானில் போனவர்களில் ஒருவர். முப்பதைத் தாண்டியவர். கணவர் மன்னாரில், அவரை இங்கே கூப்பிடுவதற்கான அலுவல்கள் நடந்துகொண்டிருந்தன. நோத்ர-டாம்-த-கிரேஸில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தனியாக ஓர் அறை எடுத்து இருந்தார். ஒரு பனிக்கால மாலை, மற்ற எல்லோரும் இறங்கிய பிறகு, வான் அண்ணை ஜெயாவை வானுக்குள் வைத்துப் பாலியல் வன்கொடுமை செய்தார். அதற்கு மேல் விவரம் இங்கே தேவையில்லை. அடுத்த நாள் ஜெயா தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து பொலிசுக்குப் போனார். நீண்ட இழுபறிக்குப் பின் வான் அண்ணை குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

கோப்பு என் மேசைக்கு வந்தது. மொழிபெயர்ப்பாளர் வேண்டாமே என்று மேலிடம் சந்தோஷப்பட்டது. எனக்குச் சந்தோஷம் இல்லை. நான் அந்த மனிதரின் வானில் ஒரு தடவை கோயிலுக்குப் போயிருக்கிறேன். என்னையும் வாசலில்தான் இறக்கினார்.

வழக்கு நடந்த காலத்தில் அவருடைய மச்சான் வானை ஓட்டினார். மற்றப் பெண்கள் அதிலேயே போய்வந்தார்கள். ஜெயா மட்டும் பஸ்ஸில். அடிக்கடி பிந்தினார், மேற்பார்வையாளர் எச்சரித்துவிட்டார். வேலை போனால் கணவரைக் கூப்பிடும் அலுவலும் நின்றுவிடும். வான் அண்ணை திரும்பி வந்து அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தால், ஜெயா அந்த வேலையை விட்டுப் போக வேண்டியதுதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இனி என் பாட்டுக் கச்சேரிக்கு வருகிறேன். எங்கள் தேவாலயப் பங்கின் பாடகர் குழுவில் நானும் இருந்தேன். பின்வரிசையில் நிற்க வைத்து, வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அதை நான் சரியாகவே செய்து வந்தேன். ஒரு ஞாயிறு ஒத்திகை முடிய, பங்குச் சபைத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட மனிதர்கள் கேட்டால் மறுப்பது சுலபம், இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"தம்பி, எல்லாம் உங்கடை கையிலதான் இருக்கு" என்றார்.

"என்ரை கையில பாட்டுப் புத்தகம் மட்டும்தான் இருக்கு, அண்ணை."

அவர் சிரிக்கவில்லை. "அந்த மனிசன் ஊரில பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதே. ஆமி பிடிச்சு வச்சு அடிச்ச அடி. அதுக்குப் பிறகுதானே குடி. அண்டைக்கும் குடிவெறியில நடந்து போச்சு. வெறியில நடந்தது எண்டு எழுதுங்கோ, பொய் எழுதச் சொல்லேல்லை. குடியை விடுறன் எண்டு மாதாவுக்கு நேர்ந்திருக்கிறார். குடியை விட்டிட்டார் எண்டா பேந்து பழையபடி வானை ஓடலாம். பெட்டையளும் வேலைக்குப் போய்வரலாம்."

"ஜெயா எப்பிடிப் போறது?"

"அந்தப் பிள்ளைக்கு நாங்கள் வேற வேலை பாத்துக் குடுப்பம். கைவிடுற ஆக்களே நாங்கள்?"

அவர் மனதார அப்படித்தான் நம்பினார். கொடுமை பட்டவர் வேலையை விட வேண்டும், செய்தவர் குடியை விட்டால் போதும் என்ற அந்தக் கணக்கு அவர் கண்ணில் படவேயில்லை. அந்த நேரம் என் கண்ணிலும் அது முழுதாகப் படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கிழமையே வான் அண்ணையின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி நிறைய மீன் ரோல்ஸ். வாங்கக் கூடாது என்பது விதி. நான் மறுத்தேன். வாசனையை மோந்துவிட்ட என் சக ஊழியர்கள் அதன் பின் ஒரு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தன் கணவர் குடித்தால் எப்படி ஆகிவிடுவார் என்று விளங்கப்படுத்தினார். "வெறியெண்டா அவருக்கு எங்கடை பில்டிங் கதவே தெரியாது, அண்ணை. பக்கத்து பில்டிங்கில போய் மணி அடிச்சுக்கொண்டு நிப்பார். நானும் பிள்ளையும் போய்க் கூட்டிக்கொண்டு வருவம்." அவர் அதைச் சொன்னது கணவரைக் காப்பாற்ற. நானும் அப்படியே குறித்துக்கொண்டேன்.

பிறகு ஓர் அழகான வரைவு எழுதினேன். போர், தடுப்பு முகாம், அகதி வாழ்க்கை, தனிமை, குடி. ஒன்றிலிருந்து ஒன்று படிப்படியாக இறங்கி, கடைசியில் அந்த மாலையில் வந்து தானாக விழுந்தது. வாசித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. என் எழுத்தால் கண் கலங்கிய ஒரே ஆள் நான்தான் என்பதால் அதை மிகவும் மதித்தேன்.

அறிக்கைகள் நீதிமன்றம் போகுமுன் எங்கள் குழுத் தலைவி வாசிப்பார். என்னைவிடப் பத்து வயது இளையவர், கியூபெக்கின் வடக்கே மரம் அரியும் ஊர் ஒன்றில் பிறந்தவர். நான் சொல்லும் பகிடிகளுக்கு அடுத்த நாள் சிரிப்பவர். வரைவை வாசித்து முடித்துவிட்டு பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார்: "இந்த மனிதரின் முழு வாழ்க்கையும் இருக்கிறது. அந்த ஒரு மாலை மட்டும் இல்லை. வாசித்ததும் எனக்கே மன்னித்துவிடலாம் போலிருக்கிறது. அந்த வேலையை நம்மிடம் யாரும் தரவில்லையே?"

எனக்குக் கோபம் வந்தது. முகாம் என்றால் என்னவென்று இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். கோபத்தில் என் மதியச் சாப்பாட்டை நேரத்துக்கு முன்னமே சாப்பிட்டேன். என் போராட்டங்கள் எல்லாம் அந்த அளவில்தான் இருக்கும். சாப்பிட்டு முடிந்ததும் பார்த்தால், அவர் சொன்னது சரி. அந்த மாலையைப் பற்றி நான் அந்த மனிதரிடம் கேட்கவே இல்லை. கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. நம்மவர்கள் இப்படியான விஷயத்தைச் சுற்றிப் போவார்கள், நானும் சுற்றித்தான் போயிருந்தேன்.

வான் அண்ணையை மறுபடி கூப்பிட்டேன். காலையிலிருந்து அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னேன். நேரடியாக அந்த விஷயத்துக்குப் போக அவர் விரும்பவில்லை, பாதையைப் பற்றிக் கதைத்தார். அதைத் தடுக்காமல் விட்டேன். ஓட்டுநர்கள் பாதையைப் பற்றிப் பொய் சொல்வதில்லை.

அன்று நல்ல பனியாம். இருபதாம் நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தனவாம். கோத்-தே-நேஜில் இரண்டு தாய்மாரை இறக்க வேண்டும், அவர்களின் பிள்ளைகள் கார்தெரியில். பகலில் பிள்ளைகளைப் பார்க்கும் இடத்துக்கு எங்கள் சனமும் இங்கே அந்தப் பெயரைத்தான் சொல்லும். ஒரு தாய் பிள்ளையின் பையை உள்ளே மறந்துவிட்டு வந்தாராம். அவர் திரும்பி ஓடிப்போய் எடுத்து வரும் வரை வான் அண்ணை சூடு குறையாமல் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்து, தாயையும் பிள்ளையையும் வீட்டு வாசலில் இறக்கினாராம். பிறகு பார்க் எக்ஸ்ரென்ஷன். அங்கே மற்றவர்களை ஒவ்வொருவராக இறக்கினார். அவருடைய வீடும் அங்கேதான்.

"பேந்து?" என்று கேட்டேன்.

"பேந்து ஜெயாவை இறக்கத் திரும்பிப் போனன்."

நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த வானின் பின்சீற்றில் ஏறி உட்கார்ந்தேன். சொன்னேனே, பயணம் செய்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. புவாண்ட்-கிளேரிலிருந்து கிழக்கே வருகிறோம். டோர்வால், லஷீன். அதற்குப் பிறகு வருவது எது?

"அண்ணை, இருபதால வந்தா நோத்ர-டாம்-த-கிரேஸ்தானே முதல்ல வரும்?"

சுவரோரத்தில் சூடேற்றி டிக் டிக்கென்று சத்தம் போட்டது.

"பிள்ளையள் காத்திருக்குங்களே, தம்பி" என்றார் பிறகு. "கார்தெரியைப் பூட்டிப்போடுவாங்கள். அவவுக்கென்ன அவசரம்? அவவுக்கு வீட்டில ஒருத்தரும் காத்திருக்கேல்லைத்தானே."

அதை அவர் மிகச் சாதாரணமாகச் சொன்னார். வாய்தவறி வந்த சொல் என்றோ, கெட்ட எண்ணத்தோடு சொன்னது என்றோ அவர் முகத்தில் எதுவும் இல்லை. அன்று மட்டுமா இப்படி என்று கேட்டேன். இல்லை, ஜெயா வந்து சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான் என்றார். தன் வீட்டைத் தாண்டித் திரும்பி வந்து அவரை இறக்கியதைப் பெருமையாகவும் சொன்னார்.

"அண்டைக்கு எப்ப குடிச்சனீங்கள்?"

"வீட்டை வந்துதான்."

"அதுக்கு முதல்?"

"சீ. பொம்பிளையளை ஏத்திக்கொண்டு வெறியில ஓடுவனோ, தம்பி? எனக்கு ஒரு பொறுப்பு இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. என் முகத்தைப் பார்த்தார். நான் பேனையைப் பார்த்தேன். வெறியென்றால் சொந்தக் கட்டடத்தின் கதவே தெரியாத மனிதர், பனி கொட்டிய அந்த மாலையில் ஒவ்வொரு வாசலையும் சரியாகக் கண்டுபிடித்திருந்தார். அன்றிரவு அவர் தள்ளாடியதைப் பக்கத்து வீட்டார் கண்டிருக்கிறார்கள். அதை வைத்துச் சனம் தன் காரணத்தைக் கட்டிவிட்டது. குடி பிறகுதான் வந்தது.

எங்கள் படிப்பில் இதற்கெல்லாம் விளக்கங்கள் ஒரு அலுமாரி நிறைய இருக்கின்றன, நீங்கள் என்னைவிட அண்மையில் படித்தவர்கள். மனநோய் என்பார்கள், சிறுவயதுக் காயம் என்பார்கள், அடக்க முடியாத இச்சை என்பார்கள், குடி என்பார்கள். போரும் பெயர்வும் ஆண்களை உடைத்துவிட்டன என்பார்கள். பெண் மீது தனக்கு உரிமை உண்டென்று வளர்க்கப்பட்டவன் அப்படித்தான் நடப்பான் என்பார்கள். செய்ய நினைப்பவன், அவன் கைக்கெட்டும் ஒருவர், பார்க்க ஆளில்லாத இடம், இந்த மூன்றும் சேர்ந்தால் போதும் என்றும் ஒரு கட்சி உண்டு. எதையும் நான் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். ஒன்றே ஒன்று செய்யுங்கள். அந்த விளக்கத்தைக் கொண்டுபோய் அந்தக் குறிப்பிட்ட மாலைக்குள் உட்கார வையுங்கள், உட்காருகிறதா என்று பாருங்கள். அடக்க முடியாத இச்சை எல்லோரும் இறங்கும் வரை பொறுமையாக வான் ஓட்டுமா? முகாமில் வாங்கிய அடி தாய்மாரை மதித்து, தனியாளை மட்டும் தேடிப் பிடிக்குமா? அதே முகாமில் அடி வாங்கியவர்கள் இந்த நகரத்தில் டாக்சி ஓட்டுகிறார்கள், சமைக்கிறார்கள், எனக்குப் பக்கத்தில் நின்று பாடவும் செய்கிறார்கள்.

ஜெயாவைச் சந்தித்தேன். சந்திக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, விருப்பமா என்று கேட்டோம், வந்தார். கதவுக்குக் கிட்டவுள்ள கதிரையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார். குழுத் தலைவியும் அறையில் இருந்தார், ஜெயா அப்படிக் கேட்டிருந்தார். என் பகிடிகளை அன்று நான் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

முதல் நாள் வானில் ஏறியபோது என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்கடை ஆக்கள் எல்லாரும் கேக்கிறதுதான். எந்த இடம், எந்தக் கோயில், இங்கை ஆர் ஆர் இருக்கினம் எண்டு. நானும் சொன்னன். ஒருத்தரும் இல்லை, அவர் ஊரில எண்டு." பிறகு அந்தப் பாதைக்கு வந்தார். "என்ரை பில்டிங்குக்கு முன்னாலதான் வான் போகும். என்ரை ஜன்னல் தெரியும். அதைப் பாத்துக்கொண்டு அங்கால போவன். தன்ரை வீட்டைத் தாண்டி வந்து இவளை இறக்கிறார் எண்டு அக்காமார் அவரைப் புகழுவினம். நானும் ஒவ்வொரு நாளும் தாங்ஸ் சொல்லித்தான் இறங்கினனான்."

தன்னை முதலில் இறக்கினால் என்ன என்று ஒருநாள் கேட்டாராம். "பிள்ளையள் உள்ளவை பாவம், உனக்கென்ன அவசரம் எண்டு பின்சீற்றில இருந்துதான் சொன்னவை. அவர் வாயே திறக்கேல்லை. அவருக்குச் சொல்ல வேண்டி வரேல்லை."

இதை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். அந்த வானில் கெட்டவர்கள் என்று ஒருவரைத்தான் காட்டலாம். ஆனால் அவருக்கு வேண்டியதையெல்லாம் மற்றவர்கள் நல்ல மனதோடு செய்துகொடுத்தார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அன்பாகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். புருஷனும் பிள்ளையும் காத்திருப்பவளுக்கு முதலிடம் கொடுத்தோம். காத்திருக்க ஆளில்லாதவளின் நேரத்துக்குப் பெறுமதி இல்லை என்று முடிவு செய்தோம். அண்ணை என்று கூப்பிட்டால் அதற்கு மேல் காவல் தேவையில்லை என்று நம்பினோம். சமூகப் பிரச்சினை என்று பாடப்புத்தகம் சொல்வது எனக்கு அன்றுதான் ஒரு வானின் அளவில் தெரிந்தது. அவர் செய்தது அவருடைய பொறுப்பு, அதில் ஒரு துளியையும் நான் எடுத்துப் பங்கிடமாட்டேன். ஆனால் யாரை என்று தெரிவு செய்வதற்கு அவருக்கு நாங்கள் எல்லோரும் உதவியிருந்தோம்.

என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று ஜெயாவிடம் கடைசியாகக் கேட்டேன்.

"அவருக்கு என்ன குடுக்கினம் எண்டது கோர்ட்டுக்குத் தெரியும். அவர் திரும்பி அந்த வானுக்கு வராட்டிப் போதும்" என்றார். எழுந்து கதவுக்குப் போனவர் திரும்பினார். "எனக்கு மட்டும் இல்லை. போன மாதம் ஒரு பிள்ளை புதுசா வந்து சேர்ந்திருக்கு. அவளுக்கும் இங்கை ஒருத்தரும் இல்லை."

அறிக்கையை முதலிலிருந்து எழுதினேன். போரும் முகாமும் உண்மை, ஆகவே ஒரு பந்தி அவற்றுக்குக் கொடுத்தேன். அந்தக் காயத்துக்கு அவருக்கு உதவி வேண்டும் என்றும் எழுதினேன். குடி உண்மை, ஆனால் அது எப்போது வந்தது என்றும் எழுதினேன். பிறகு அந்தப் பாதையை எழுதினேன். எந்த வீடு முதலில் வந்தது, எது கடைசியில் இறக்கப்பட்டது, ஏன் என்று அவர் தன் வாயால் சொன்னது. இவர் ஆபத்தாவது போத்தலுக்குப் பக்கத்தில் அல்ல, தன்னை நம்பியிருக்கும் ஒரு பெண் தனியாக இருக்கும் இடத்தில் என்று எழுதினேன். அதற்கேற்ற சிகிச்சைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும், இனிப் பெண்களை ஏற்றி இறக்கும் வேலையைச் செய்யக் கூடாது என்று முடித்தேன். வெறி என்று மட்டும் எழுதியிருந்தால் போத்தலை மூடிவிட்டு வான் சாவியை அவர் கையில் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அதற்குக் கீழே என் கையெழுத்து இருந்திருக்கும்.

குழுத் தலைவி வாசித்தார். ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தினார்.

நீதிபதி சிறை கொடுத்தார். அதன் பின் கண்காணிப்பும், நாங்கள் கேட்ட தடையும். தீர்ப்பன்று பங்குச் சபைத் தலைவர் என்னைத் தாண்டிப் போனார், வணக்கம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை. என் குரலைக் கேட்டு முன்பும் பலர் விலகியிருக்கிறார்கள், ஆகவே எதற்காக என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

வான் அண்ணையின் மனைவி ஒரு தடவை தொலைபேசியில் அழைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "வெறி எண்டா எனக்கு விளங்கியிருக்கும், அண்ணை" என்று மட்டும் சொன்னார். பிறகு மறுமுனையில் பிள்ளை அழுதது, வைத்துவிட்டார். அதற்கான பதில் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

உங்களுக்கு அறிவுரை என்று பெரிதாக ஒன்றும் என்னிடம் இல்லை. யாராவது ஒரே சொல்லில் காரணத்தைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்தால், அது உண்மையா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். அந்தக் காரணம் யாரை மறுபடி எங்கே கொண்டுபோய் உட்கார வைக்கும் என்றும் பாருங்கள்.

அடுத்த பனிக்காலம் புவாண்ட்-கிளேரில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு, பஸ் தரிப்பிடத்தில் விறைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வான் கடந்து போய், நின்று, பின்னுக்கு வந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர், அன்று பிள்ளையின் பையை மறந்த அந்தத் தாய். மச்சான் அலுத்துப்போய் விட்டுவிட, அவர் உரிமம் எடுத்து வானைப் பொறுப்பேற்றிருந்தார். முதல் தடவையிலேயே பாஸாம். கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

"ஏறுங்கோ ஐயா, விறைச்சுப் போவியள். எங்கை இறங்கிறியள்?"

"பார்க் எக்ஸ்ரென்ஷன்."

உள்ளே பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஜன்னலோரத்தில் ஜெயா இருந்தார். வெளியில் அவர்களாக அறிமுகம் காட்டாமல் நாங்கள் காட்டக் கூடாது, உங்களுக்குத் தெரியும். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். அவரும் என்னைத் தெரியாதவர் போலவே இருந்தார். பக்கத்தில் ஓர் இளம்பெண் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

நெடுஞ்சாலையில் பனி. வாகனங்கள் ஊர்ந்தன. நோத்ர-டாம்-த-கிரேஸுக்குள் இறங்கியபோது நன்றாகப் பிந்திவிட்டது. ஓட்டுநர் அக்கா சிவப்பு விளக்கில் தொலைபேசியை எடுத்து, "டி மினுட், மதாம், டி மினுட்" என்று கார்தெரிக்காரியிடம் பத்து நிமிடம் கேட்டுக் கெஞ்சினார். மறுமுனையில் கிடைத்த பேச்சு எங்களுக்கும் கேட்டது. பின்சீற்றில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வான் ஓர் அடுக்குமாடியின் முன் நின்றது. ஜெயா தூங்கியவளைத் தட்டி எழுப்பினார், இருவரும் இறங்கினார்கள்.

"வாறம், அக்கா."

கீழ்த்தள ஜன்னலில் விளக்கு எரியும் வரை வான் நகரவில்லை.

பிறகு வழி முழுக்க என்னைக் கேள்வி கேட்டார்கள். எந்த ஊர், எந்தப் பூசைக்கு வருகிறேன், பாட்டில் நானும் நிற்கிறேனா, சத்தமே கேட்பதில்லையே என்று. வீட்டில் ஆர் ஆர் இருக்கினம் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கோத்-தே-நேஜில் ஓட்டுநர் அக்காவின் பிள்ளை அழுத முகத்தோடு வந்து ஏறியது. பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"உங்கடை வீடுதான் ஐயா கடைசி, குறை நினைக்காதேங்கோ" என்றார் ஓட்டுநர் அக்கா.

"என்ன குறை? வழியில அப்பிடித்தானே வருது" என்றேன்.